தூரமான்னுதான் கேட்டேன்

ஷட்டரை இறக்காதீங்க அண்ணாச்சி. இதெல்லாம் ஒரு குளிரா? மார்கழி மாசம் கோவில்பட்டியில விடியக்காலம் அடிக்கிற காத்து நம்மளை என்ன செஞ்சிரும்? மப்ளரை நல்லா இழுத்துக் காதை மூடிக்கிடுங்க, போதும். நான் மைனஸ் பதினெட்டுல கூடாரத்துக்குள்ள படுத்து எந்திரிச்சவன். மைனஸ். பதினெட்டு. காலையில பூட்ஸ் கயிறு கம்பி மாதிரி விறைச்சு நிக்கும், பாத்துக்கிடுங்க.

தூரமா? மதுரையா? நானும் மதுரைதான். ஆசிரியர் கூட்டம் ஒண்ணு. நான்தான் பேசணும். தலைப்பு, தலைமைப் பண்பு. இது நாலாவது கூட்டம். கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, என்ன செய்யிறது, போய்த்தானே ஆகணும்.

இப்ப நான் தூரமான்னு கேட்டேன் பாத்தீங்களா? எங்கே போறீங்கன்னு கேக்கல. நம்ம பக்கத்துல ஒருத்தன் கிளம்பும்போது எங்கேன்னு கேட்டா என்ன ஆகும்? திரும்பிப் போய் உக்காந்து, ஒரு செம்பு தண்ணி குடிச்சுட்டு, கேட்டவனை மனசுக்குள்ள நாலு வசவு வஞ்சுட்டுத்தான் கிளம்புவான். போற காரியம் விளங்காதுன்னு பயம். அதனால தூரமான்னு கேப்போம். சொல்றவன் சொல்லுவான், சொல்லாதவன் ஆமான்னுட்டுப் போயிருவான். இந்த ஒரு பழக்கத்தால கனடாவுல ஒரு மனுசி சாகப் பாத்தா. கூட்டத்துல இதைத்தான் சொல்லுவேன். கை தட்டுவாங்க பாருங்க, ஓடு பறக்கும்.

என் பேர் ஆவுடையப்பன். பி.டி. மாஸ்டர். இருபத்தோரு வருஷமா ஒரே பள்ளிக்கூடம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால, பைபாஸ்ல இருக்கிற இன்னொரு பள்ளிக்கூடத்துல ஒரு செவுரு கட்டினான். பிள்ளைங்க பல்லி மாதிரி ஏறுறதுக்கு. அவ்வளவுதான், எங்க தாளாளருக்குத் தூக்கம் போச்சு. "மாஸ்டர், அவன் செவுரு கட்டினா நாம மலைக்கே கூட்டிட்டுப் போவோம். சாகசப் பிரிவுன்னு ஒண்ணு தொடங்குவோம்"ன்னார். அவர் தம்பி கனடாவுல இருக்கார். அங்க வடக்கே ஒரு காலேஜ்ல நாலு மாசப் படிப்பு. செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், ஒரு செமஸ்டர். காட்டுல பிழைக்கிறதும் ஆள் நடத்துறதும்தான் பாடம். முடிவுல ஒரு சர்ட்டிபிகேட் கொடுப்பாங்க. அதுல 'தனியாக ஒரு குழுவை வழிநடத்தத் தகுதியானவர்'னு இருந்தா, வந்த உடனே நான் சாகசப் பிரிவுக்குத் தலைவர். 'துணையோடு மட்டும்'னு இருந்தா அந்த இடம் ஜெபராஜ் மாஸ்டருக்கு. என்னைவிடப் பத்து வயசு சின்னவன். குட்டிக்கரணம் போடத் தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. அவன்கிட்ட நான் காலையில கையெழுத்துக்கு நிக்கணுமா? யோசிச்சுப் பாருங்க.

அதனால அந்த 'தனியாக' எனக்கு உயிர்.

போய்ப் பாத்தா, கூடப் படிக்கிறது ஏழு பேர் இருபது வயசுப் பிள்ளைங்க. நான் நாப்பத்தினாலு. எனக்கும் மூத்தது ஒரே ஆள், டோரீன். அறுபத்து மூணு வயசு. முப்பது வருஷம் தபால்காரியா இருந்து ரிட்டயர் ஆனவ. முழங்கால் பனியில தபால் கொடுத்த மனுசி. எங்களுக்கு டீச்சர் ஹேலி. இருபத்தெட்டு வயசுப் பொண்ணு, நம்ம ஹாக்கி டீம்ல லெஃப்ட் அவுட் ஆடுற பிள்ளை மாதிரி இருப்பா.

பிள்ளைங்க வாயில என் பேர் நுழையல. 'ஆவு'ன்னு கூப்பிட்டாங்க. டோரீன் மட்டும் உள்ளங்கையில எழுதி வச்சு மூணு நாள் மனப்பாடம் பண்ணி, நாலாம் நாள் 'ஆவுடையப்பன்'னு முழுசாச் சொன்னா. தாளாளரே என்னை முழுசாக் கூப்பிட்டதில்ல. அன்னைக்கே நான் அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா. சொன்னேன். அடுத்த நாள் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை கொண்டுவந்து கொடுத்தா, தம்பிக்குன்னு. என் பருப்புப் பொடியை ஓட்ஸ் கஞ்சியில போட்டுத் தின்னது அந்தக் கூட்டத்துல அவ ஒருத்திதான்.

பாடமெல்லாம் நமக்குத் தூசு. நெருப்புப் பிடிக்கிறது, முடிச்சுப் போடுறது, காம்பஸ் பாக்கிறது. பிர்ச்சுன்னு ஒரு மரம் இருக்கு, அதோட பட்டை காகிதம் மாதிரி உரியும், நனைஞ்சாலும் பத்தும். சோத்து மூட்டையைக் கரடிக்கு எட்டாம மரத்துல கட்டித் தொங்கவிடணும். படகுதான் கொஞ்சம் படுத்துச்சு. ஏரியில அது நம்மளைச் சுமக்கும், ஏரி முடிஞ்சு அடுத்த ஏரி வர்ற வரைக்கும் நாம அதைத் தலையில சுமக்கணும். ரெண்டு தடவை விழுந்தேன். யானைக்கும் அடி சறுக்கும்.

ஆள் நடத்துறதுலதான் எனக்கும் ஹேலிக்கும் ஒத்துவரல. தலைவன் கடைசியில நடக்கணும்ங்கிறா. நம்ம ஊர்ல தேர் இழுக்கிறவன் பின்னால நின்னா தேர் நகருமா? சத்தம் போடக்கூடாது, கேள்வி கேக்கணும்ங்கிறா. நான் அறுநூறு பிள்ளைங்களை ஒரு விசில்ல நிறுத்துறவன். மூணு சின்ன ஊதல் ஊதினா வரிசையில வந்து நிக்கணும், அது நம்ம கணக்கு. மொத நாள் சாப்பாட்டுக்கு அப்படித்தான் ஊதினேன். ஹேலி ஓடி வந்தா. "ஆவு, இங்க மூணு ஊதல்னா உயிருக்கு ஆபத்துன்னு அர்த்தம். அதுக்கு மட்டுந்தான் ஊதணும்"னா. சரிம்மான்னேன். நிப்பாட்டிட்டேன். அநேகமா நிப்பாட்டிட்டேன். இருபத்தோரு வருஷப் பழக்கம் அண்ணாச்சி, கை தானா விசிலுக்குப் போகும். அதுக்கப்புறம் அந்தப் பயலுவ என்னைக் கேலி பண்றதுக்கு அதையே பிடிச்சுக்கிட்டானுவ. எல்லார் கழுத்துலயும் ஒரு விசில் தொங்கும். நான் படகை விட்டு இறங்கினா ஒருத்தன் பின்னால இருந்து பீப் பீப் பீப்ன்னு ஊதுவான். ஹேலி அவனுவளையும் வஞ்சா. இருந்தும் அவ தலை மறைஞ்சா ஊதுவானுவ.

சாத்தூர் வந்துட்டு. சேவு வாங்கணும்னா இறங்கி வாங்கிக்கிடுங்க, வண்டி நிக்கும். வேண்டாமா? சரி.

அங்க தினம் ஒருத்தர் தலைவர். அன்னைக்கு அவர் சொல்றதுதான் சட்டம். தலைவருக்கு முக்கியமான வேலை ஒண்ணு உண்டு. கூடாரத்தை விட்டு யார் வெளியே போனாலும் மூணு கேள்வி கேட்டு நோட்டுல எழுதணும். எங்கே போற, யார்கூடப் போற, எப்ப வருவ. இந்த மூணும் நோட்டுல இல்லாம ஒருத்தரும் நகரக்கூடாது. கிளம்புறவங்களைப் பாத்து எங்கேன்னு நான் எப்படிக் கேப்பேன்? எங்க அம்மா செருப்பால அடிப்பா. ஆனா என் முறை வந்த மொத ரெண்டு தடவையும் மழை, ஒருத்தரும் வெளியே போகல. தப்பிச்சேன்.

மூணாவது முறை, கடைசிப் படகுப் பயணம். அக்டோபர் மூணாவது வாரம், ஆறு நாள். இதை வச்சுத்தான் சர்ட்டிபிகேட். நாலாம் நாள் நான் தலைவர்.

மத்தியானம் சாப்பிட்டு முடிச்சாச்சு. ஹேலி நாலு பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அடுத்த ஏரிக்கு வழி பாக்கப் போயிட்டா. போகும்போது அவளே சொல்லிட்டா, எங்கே, யார் யார், மூணரைக்கு வருவோம்னு. எழுதிட்டேன். மிச்சம் மூணு பேர் கூடாரத்துப் பக்கம் விறகு அறுத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு மணி இருக்கும். டோரீன் அக்கா வெளியே வந்தா. காட்டுப் பக்கமா நடக்கிறா. தனியா.

நான் நோட்டைக் கையில எடுத்துட்டேன் அண்ணாச்சி. வாயைத் திறந்துட்டேன். வார்த்தை வரல. மூத்தவ. கிளம்புறவ. அதுக்கும் மேல, ஒரு பொம்பளையாள் சோறு தின்ன கையோட தனியாப் புதர்ப் பக்கம் ஒதுங்கும்போது, எங்கே போற, எப்ப வருவன்னு கேக்கிறவன் மனுசனா? நீங்களே சொல்லுங்க. அதனால என்ன கேட்டேன், "தூரமா அக்கா?"ன்னு கேட்டேன்.

அவ சிரிச்சுட்டு, "இல்ல, பக்கந்தான்"ன்னா.

நோட்டுல எழுதிட்டேன். 'டோரீன். பக்கம்.'

ரெண்டு மணி ஆச்சு. மூணு ஆச்சு. பனி பொடிப்பொடியா விழ ஆரம்பிச்சுட்டு. அங்க ஆறு மணிக்கெல்லாம் இருட்டு கட்டிரும், ராத்திரி மைனஸ் ஆறு, ஏழுன்னு போகும். நான் பாட்டுக்குப் பாத்திரம் கழுவினேன், கயிறு கட்டினேன், அங்கயும் இங்கயும் நடந்தேன். மூணரைக்கு ஹேலி வந்து தலையை எண்ணினா. "டோரீன் எங்கே?" நான் நோட்டை நீட்டினேன். வாங்கிப் பாத்தா. 'பக்கம்'ங்கிறதை ரெண்டு தடவை வாசிச்சா. திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். மூஞ்சி வெளுத்துப் போச்சு அந்தப் பிள்ளைக்கு.

ஏரிப் பக்கமா, மேட்டுப் பக்கமா, வந்த வழியா, எங்கன்னு தேடுறது? மூணு பக்கமும் காடு. இருட்டுறதுக்கு ரெண்டரை மணி நேரம். ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டினாங்க. அப்பத்தான் நான் நின்னு சொன்னேன். இதைக் கூட்டத்துல சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்லுவேன். நம்ம ஆளு எங்கே போறேன்னு கேக்க மாட்டான், ஆனா கையில என்ன இருக்கு, கால்ல என்ன போட்டிருக்கான்னு ஒண்ணு விடாமப் பாத்துருவான். எதிர்வீட்டுக்காரன் துண்டு போட்டுப் போனா சாவு வீட்டுத் துஷ்டி, பை கொண்டு போனா சந்தை. நான் பாத்து வச்சிருந்தேன். டோரீன் அக்கா நடக்கிற பூட்ஸ் போடல, ரப்பர் பூட்ஸ். அப்ப ஈரமான இடம். பிளாஸ்க் எடுக்கல. அப்ப சீக்கிரம் திரும்புற யோசனை. கையில பெரிய தகர டின், வெறும் டின். அப்ப எதையோ நிரப்பிக் கொண்டுவரப் போறா. முந்தின நாள் படகுல வரும்போது மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சதுப்பு, செக்கச்செவேல்னு சின்னப் பழம். உறைபனி விழுந்த பிறகுதான் இனிக்கும்னு அவளே சொன்னா. ரெண்டு தடவை திரும்பித் திரும்பிப் பாத்தா.

"மேட்டுக்கு அந்தப் பக்கம், சதுப்பு. வேற எங்கயும் தேட வேண்டாம்"னேன்.

"நிச்சயமா?"ன்னா ஹேலி.

"என் தலையை அடமானம் வைக்கிறேன்"னேன்.

போனோம். நாலே முக்காலுக்குக் கண்டுபிடிச்சோம். கல்லு ரெண்டுக்கு நடுவுல கால் சிக்கி, கணுக்கால் முறிஞ்சு, இடுப்பு வரைக்கும் ஈரத்துல உக்காந்திருக்கா. உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. பேச்சு குழறுது. மடியில அந்த டின். டின் நிறையப் பழம், ஒண்ணு சிந்தல. என்னைப் பாத்து, "ஆவுடையப்பன்"னா. முழுசா. எனக்கு அழுகை வந்துட்டு அண்ணாச்சி, பொய் சொல்லல. சட்டையைக் கழத்தி அவளுக்குச் சுத்தி, முதுகுல தூக்கிக்கிட்டு மேட்டை ஏறி இறங்கினேன். பயலுவ தூக்குறேன்னானுவ, விடல. மறுநாள் காலையில ஏரியிலயே வந்து இறங்குற விமானம் வந்து கொண்டு போச்சு. கால்ல கட்டு. மிச்ச ரெண்டு மாசமும் அவ காலேஜ்லயே இருந்து, நாங்க பனியில உருண்டுட்டு வரும்போது சூப்பு காய்ச்சிக் கொடுத்தா.

டிசம்பர்ல கடைசி நாள். மர வீடு, நடுவுல அடுப்பு, சுத்தி எல்லாரும். ஒவ்வொருத்தர் சர்ட்டிபிகேட்டும் ஹேலி மடியில. எல்லாரும் மனசுல உள்ளதைச் சொல்லணும், அப்புறந்தான் அவ கையெழுத்துப் போடுவா. என் முறை வந்துச்சு. நான் எந்திரிச்சு நம்ம வழக்கத்தைச் சொன்னேன். எங்க ஊர்ல கிளம்புறவங்களை எங்கேன்னு கேக்கிறது அவங்க காரியத்தைக் கெடுக்கிறது. நான் கேக்காம விட்டது அலட்சியம் இல்ல, மரியாதைன்னேன். பாட்டியைப் பத்தி, அம்மாவைப் பத்தி நாலு வார்த்தை சேத்தேன். ஒரு பொண்ணு அழுதுட்டா. ஹேலியே கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "உங்க வழக்கம் என்னன்னு நாங்க மொத நாளே கேட்டிருக்கணும். தப்பு எங்க பேர்ல"ன்னா. அதோட அந்த பூட்ஸ், டின் விவரம் வேற. இப்படிக் கவனிக்கிற ஆளை நான் பாத்ததில்லன்னா. பேனா மூடியைக் கழத்திட்டா.

அந்த நேரத்துல டோரீன் அக்கா கேட்டா. யாரையும் குத்தம் சொல்ற மாதிரி இல்ல, சும்மா தெரிஞ்சுக்கிற மாதிரி. "நான் விசில் ஊதினேன். விழுந்த உடனே, ரெண்டு மணிக்கு. மூணு மூணா, உதடு வீங்குற வரைக்கும் ஊதினேன். ஒருத்தருக்குமா கேக்கல?"

ஹேலி வரிசையாக் கேட்டா. வழி பாக்கப் போன நாலு பேரும் ரொம்ப தூரம், கேக்கல. விறகு அறுத்த மூணு பேருக்கும் ரம்பச் சத்தம், கேக்கல. அப்புறம் எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

கேட்டுது அண்ணாச்சி.

இதை நான் கூட்டத்துல சொல்றதில்ல. வீட்டுலயும் சொல்லல. நீங்க மாட்டுத்தாவணியில இறங்கி உங்க வழியில போயிருவீங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. ஏரிக்கரையில சட்டி கழுவிக்கிட்டு இருந்தேன். காத்து மேட்டுப் பக்கம் இருந்துதான் வந்துச்சு. பீப் பீப் பீப். நிறுத்தி மறுபடியும் மூணு. வாழ்நாள் பூரா விசில்ல பிழைச்சவன், எனக்குக் கேக்காதா? ஆனா என்ன நினைச்சேன்? ஹேலிகூடப் போன பயலுவதான் திரும்பி வர்ற வழியில என்னைக் கேலி பண்றானுவன்னு நினைச்சேன். இன்னைக்குத் தலைவர்ங்கிறதால வேணும்னே ஊதுறானுவன்னு நினைச்சேன். திரும்பிப் பாத்தா அவனுவளுக்குச் சிரிப்பாப் போயிரும்னு முதுகைத் திருப்பிக்கிட்டு உக்காந்துட்டேன். அந்தக் கோவத்துல சட்டியைத் தேச்ச தேப்புல அடிக்கரி பூராப் போயிட்டு. அரை மணி நேரம் ஊதினா. அப்புறம் நின்னுட்டுது. ஒழிஞ்சானுவன்னு நினைச்சேன்.

மூணரைக்கு ஹேலி வந்து தலை எண்ணும்போதுதான் உறைச்சுது. அவகூட வந்த பயலுவ வேற திசையில இருந்து வர்றானுவ. பூட்ஸும் டின்னும் பாத்துக் கண்டுபிடிச்சேன்னு சொன்னேன்ல, பொய் இல்ல, அதையும் பாத்தேன். ஆனா தலையை அடமானம் வைக்கிற தைரியம் டின்னைப் பாத்து வரல. திசையை விசில் சொல்லியிருந்துச்சு.

ஹேலி கையில பேனா. மடியில என் சர்ட்டிபிகேட். இங்க தாளாளர் என் அறைக்கதவுல மாட்டுறதுக்குப் பலகையே எழுதி வச்சிருக்கார். ஜெபராஜ் வேற வாட்ஸாப்புல 'நல்ல செய்தியை எதிர்பார்க்கிறோம் சார்'னு போட்டிருக்கான், போக்கிரி. நான் என்ன சொல்லட்டும்?

"இல்ல, கேக்கல"ன்னேன்.

அதுலயும் பாருங்க, ஒரு நல்லெண்ணம் இருக்கு. கேட்டுது, கேலின்னு நினைச்சேன்னு சொன்னா அந்தப் பயலுவ மனசு என்ன பாடுபடும்? விளையாட்டுக்கு ஊதினவனுவ. அக்கா மனசும் நோகும். ஒரு வார்த்தையில எல்லாருக்கும் நிம்மதி. அப்படித்தான் நினைச்சேன். இப்பவும் பாதி நாள் அப்படித்தான் நினைக்கேன்.

டோரீன் தலையை ஆட்டிக்கிட்டா. அப்புறம் ஹேலியைப் பாத்து, "என்னோடதுல 'தனியாக'ன்னு எழுதாதே"ன்னா. அவளுக்கும் ஒரு யோசனை இருந்துச்சு அண்ணாச்சி, சொல்லலையே உங்ககிட்ட. அவ ஊர்ல எட்டுப் பொம்பளைங்க, எல்லாரும் பென்ஷன்காரங்க. வசந்தத்துல அவங்களைப் படகுல பத்து நாள் கூட்டிட்டுப் போறதா வாக்குக் கொடுத்திருந்தா. அதுக்குத்தான் இந்த வயசுல படிக்க வந்ததே. எட்டுப் பேர் பேரும் எழுதின காகிதம் அவ பைக்குள்ளயே இருக்கும். "ஒரு மேட்டைத் தாண்டிக் கேக்காத மூச்சை வச்சுக்கிட்டு எட்டுப் பேர் உயிருக்கு நான் எப்படிப் பொறுப்பேத்துக்கிறது? வயசாயிட்டு எனக்கு"ன்னா. ஹேலி எவ்வளவோ சொன்னா. தனியாப் போனது தப்புதான், ஆனா அதுக்காக இப்படி வேண்டாம்னா. அக்கா கேக்கல. 'துணையோடு மட்டும்'னு எழுத வச்சா. எனக்கு 'தனியாக'.

நான் எந்திரிச்சுப் போய் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.

திருமங்கலம் தாண்டிட்டோம் போல. பேசிக்கிட்டே வந்தா நேரம் போறதே தெரியல பாத்தீங்களா. இந்தா பைக்குள்ளதான் இருக்கு, காட்டவா? கசங்கக்கூடாதுன்னு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கேன். தங்க முத்திரை பாருங்க. ஊர்ல வந்து இறங்கும்போது பேண்ட் வாத்தியம் வச்சுட்டார் தாளாளர். மாலை போட்டது ஜெபராஜ்தான். வர்ற தை மாசம் நாப்பது பிள்ளைங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். பிள்ளைங்க கிளம்பும்போது எங்கேன்னு கேக்கிறதுக்குத் தனியா ஒரு டீச்சரைப் போட்டிருக்கேன். நமக்கு வாய் வராது.

டோரீன் மாசம் ஒரு தடவை செய்தி போடுவா. பொங்கலுக்கு வாழ்த்து போட்டா, தேதி தப்பாம. வசந்தத்துல அந்த எட்டுப் பேரும் போகல. படகைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்துட்டா. கால் நல்லா சேந்துட்டு, ஆனா கடைத்தெருவைத் தாண்டி நடக்கிறதில்லையாம்.

இன்னைக்குக் காலையில, நான் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது ஒரு செய்தி. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. மூச்சு சோதிக்கிற குழாயில ஊதச் சொல்லியிருக்காங்க. டாக்டர் பாத்துட்டு, நாப்பது வயசுக்காரி நுரையீரல் மாதிரி இருக்கு உனக்கு, ஒரு குறையும் இல்லன்னு சொல்லியிருக்கார். அதை எழுதிட்டு அவ கீழ எழுதியிருக்கா, "அவருக்கு என்ன தெரியும், ஆவுடையப்பன்? உனக்கே கேக்கலையே."

ஒரு வரி போதும் அண்ணாச்சி. 'அக்கா, எனக்குக் கேட்டுது.' அவ்வளவுதான். அடிச்சேன். அழிச்சேன். பஸ் ஏறுறதுக்குள்ள மூணு தடவை அடிச்சு அழிச்சேன். ஆங்கிலத்துல சரியா வருதான்னு பாத்தேன், சரியாத்தான் வந்துச்சு. வெக்கமா இருக்கு, சொல்றதுக்கு என்ன.

கடைசியில என்ன அனுப்பினேன்னு கேக்கீங்களா? வாட்ஸாப்புல கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற பொம்மை இருக்குல்ல. அதைப் போட்டுட்டு வண்டி ஏறிட்டேன்.